விலங்குகளுக்குள் மாறும் கொரோனா வைரஸ் நம் நோயெதிர்ப்பைத் தாண்டி வருமா?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருப்பதற்காக, நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை அவன் நாள்தோறும் உட்கொள்கிறான். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. "விலங்குகளின் உடலில் கொரோனா உருமாறித் திரும்பி வந்தால் போட்ட தடுப்பூசியெல்லாம் வீணாகிவிடும், பூனைகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று உறவினர் ஒருவர் சென்ற வாரம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அம்மாவுக்குச் சரியான உறக்கமில்லை.

2021 ஜூன் மாதம் வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் கோவிட் தொற்றால் இறந்த செய்தியை நானும் மறக்கவில்லை. விலங்குகளில் நிகழும் பிறழ்வுகள் உண்மையிலேயே நம் நோயெதிர்ப்பாற்றலைக் குலைக்கக் கூடியவையா, அப்படியானால் எந்த அளவுக்கு என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதிரவன் (நுண்ணுயிரியல்) எழுதியது:

வண்டலூரிலிருந்தே தொடங்குகிறேன். அங்கிருந்த சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்களுக்கான தேசிய நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அவற்றில் நான்கின் மாதிரிகளில் மரபணு வரிசையைப் படித்தபோது நான்குமே டெல்டா திரிபாக இருந்தன. அதே வாரங்களில் தமிழ்நாட்டு மருத்துவமனைகளை நிரப்பிக்கொண்டிருந்ததும் டெல்டாதான். ஆகவே நம்மிடையே பரவிய வைரஸ்தான் சிங்கங்களைச் சென்றடைந்தது. செய்தியைப் படித்த பலர் இந்தத் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகளைக் கொண்ட ஆர்என்ஏ இழை. அது தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழைகள், அதாவது பிறழ்வுகள், நேர்கின்றன. மற்ற பல ஆர்என்ஏ வைரஸ்களுக்கு இல்லாத பிழைதிருத்தும் நொதி ஒன்று கொரோனா வைரஸ்களுக்கு உண்டு என்பதால், இன்ஃப்ளூயன்சாவைக் காட்டிலும் பிழைகள் குறைவு. ஆனாலும் கோடிக்கணக்கான உடல்களில் படியெடுக்கும்போது அந்தச் சிறு விகிதமே போதுமானதாகிவிடுகிறது.

பிழை தற்செயலாக நிகழ்கிறது. அது நிலைப்பதா, மறைவதா என்பதை வைரஸ் குடியிருக்கும் உடல் முடிவு செய்கிறது. உங்கள் அச்சத்துக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஏற்கெனவே தொற்றோ தடுப்பூசியோ பெற்ற மனிதரின் உடலில் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், வாயிற்காவலர்களைப் போல நிற்கின்றன. அங்கே அவற்றின் பிடிக்கு வழுக்கிச் செல்லும் பிறழ்வுக்கே நற்பேறு. இந்த வைரஸை முன்பின் கண்டிராத ஒரு விலங்கின் உடலிலோ அத்தகைய காவலர்கள் இல்லை. அங்கே வைரஸுக்கு இருக்கும் இடர் வேறு: வைரஸ் பற்றிக்கொண்டு உள்ளே நுழையும், மனிதச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏசிஇ2 என்ற ஏற்பிக்கு ஏற்றபடி அமைந்த தன் ஸ்பைக் புரதத்தை (வைரஸின் மேலே முள்போல நீட்டிக்கொண்டிருப்பது), அந்த விலங்கின் ஏற்பிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த மாற்றம் நம் எதிர்ப்பொருள்களைத் தாண்ட உதவினால் அது பெரும்பாலும் பக்கவிளைவுதான். பக்கவிளைவு என்பதால் ஆபத்தற்றது என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்பொருள்கள் ஒட்டும் இடமும் ஏற்பியைப் பற்றும் இடமும் ஸ்பைக்கின் ஒரே பகுதியில் நெருங்கிக் கிடப்பதால், ஒன்றுக்காக ஏற்பட்ட மாற்றம் மற்றொன்றையும் தொட்டுவிடுவது இயல்பு.

அகிலன் (ஹெர்னிங், டென்மார்க்) எழுதியது:

கதிரவன் அவர்கள் சொன்ன அந்தப் பக்கவிளைவு ஒரு நாட்டையே உலுக்கியதை நான் இங்கே அருகிலிருந்து பார்த்தேன். மிங்க் என்பது கீரியை ஒத்த சிறு விலங்கு. அதன் மென்மயிர்த் தோலுக்காக டென்மார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளில் வளர்த்தார்கள். 2020 ஜூனில் வட யூட்லாந்துப் பண்ணைகளில் தொற்று கண்டறியப்பட்டது. நெருக்கமாக அடுக்கிய கூண்டுகளில் ஆயிரக்கணக்கான விலங்குகள் இருந்ததால், ஒரு பண்ணைக்குள் நுழைந்த வைரஸ் ஓய்வின்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. பின்னர் பண்ணைத் தொழிலாளரிடமும் அங்கிருந்து அயலாரிடமும் திரும்பி வந்தது.

ஸ்பைக் புரதத்தின் 453ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பினைலாலனின் அமர்ந்த பிறழ்வு மிங்க் பண்ணைகளில் மீண்டும் மீண்டும் தோன்றியது. மிங்க் ஏற்பியை இறுகப் பற்ற அது உதவியது. அதோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்த ஒரு வடிவத்துக்கு "ஐந்தாம் தொகுதி" என்று பெயரிட்டார்கள். அது 12 மனிதர்களிடம் கண்டறியப்பட்டது. முன்பு தொற்றிலிருந்து மீண்டவர்களின் சீரத்தோடு (எதிர்ப்பொருள்கள் இருக்கும் இரத்தத்தின் நீர்ப்பகுதி) சேர்த்துச் சோதித்தபோது, எதிர்ப்பொருள்களின் முடக்கும் திறன் ஓரளவு குறைந்திருப்பதாக முதற்கட்ட ஆய்வு காட்டியது. அப்போது தடுப்பூசி எதுவும் மக்களுக்கு வந்திருக்கவில்லை. வரவிருக்கும் தடுப்பூசி பயனற்றுப் போய்விடுமோ என்ற அச்சத்தில், 2020 நவம்பர் 4ஆம் நாள் நாட்டின் மிங்க் அனைத்தையும் கொல்லப்போவதாக அரசு அறிவித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட விலங்குகள்! வட யூட்லாந்தின் ஏழு நகராட்சிகளில் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. தொற்றில்லாத பண்ணைகளையும் அழிக்கும்படி சொன்ன அந்த ஆணைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்பது தெரியவந்ததும், உணவு வேளாண் அமைச்சர் மொகன்ஸ் ஜென்சன் பதவி விலகினார்.

அதே மாதத்திலேயே ஐந்தாம் தொகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டதாக தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் நாட்டின் சீரம் நிறுவனம் அறிவித்தது. செப்டம்பருக்குப் பின் எவரிடமும் அது காணப்படவில்லை. அந்த அழிப்பு தேவைதானா என்று இங்கே இன்றும் வாதிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்த குடும்பங்கள் ஒரு வாரத்தில் அனைத்தையும் இழந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் என் மனம் அவர்களோடு இருக்கிறது. ஆயினும் அவ்வளவு நெருக்கடியான கூண்டுகளில், மனிதருக்கு வரும் வைரஸைக் கட்டுப்பாடின்றிப் பெருகவிட்டிருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

செல்லமுத்து (கால்நடை மருத்துவர், நாமக்கல்) எழுதியது:

இந்த இழையைப் படித்தபோது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொரோனா வைரஸின் பிறழ்வும் நோயெதிர்ப்பும் மோதிக்கொள்வதை உலகம் 2020இல்தான் கவனித்தது. எங்கள் முட்டைக்கோழிப் பண்ணைகளிலோ அது அன்றாடப் போராட்டம். பண்ணையாளர்கள் "ஐ.பி." என்று சொல்லும் தொற்றும் மூச்சுக்குழல் அழற்சி, கோழிகளுக்கு மட்டுமே உரிய ஒரு கொரோனா வைரஸால் வருவது. 1931இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயில், குஞ்சுகள் மூச்சுத் திணறிக் கரகரக்கும். சில வகைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். முட்டையிடும் கோழிகளில் முட்டை எண்ணிக்கை சரியும், ஓடு கோணலாகும், வெண்கரு தண்ணீராய் ஓடும். இந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். முட்டை உண்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஐ.பி.க்கு உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட தடுப்பூசிகளைப் பல பத்தாண்டுகளாகக் குடிநீரிலும் தெளிப்பு முறையிலும் கொடுத்து வருகிறோம். மாசசூசெட்ஸ் வகைக்கு எதிரான தடுப்பூசி அவ்வகையை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் ஸ்பைக் புரதத்தின் முன்பாதியில் நூற்றுக்கு இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் மாறினாலே, முந்தைய எதிர்ப்பொருள்களுக்குப் பிடிபடாத புதிய வகை பிறந்துவிடுவதுண்டு. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட 4/91 வகையும், 1990களின் நடுவில் சீனாவில் தோன்றி ஐரோப்பா வரை பரவிய கியூஎக்ஸ் வகையும் அப்படி வந்தவையே. இரண்டு வகைகள் ஒரே கோழியைத் தொற்றும்போது, மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று உருவாவதும் உண்டு. புள்ளி புள்ளியாக நிகழும் பிறழ்வைவிட இந்த மறுசேர்க்கையையே நான் அதிகம் அஞ்சுகிறேன். ஒரே தாவலில் ஸ்பைக் முழுவதும் மாறிப்போகக் கூடும்.

ஆனாலும் நாங்கள் கண்டறிந்த ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் இரு வகைத் தடுப்பூசிகளை உரிய இடைவெளியில் கொடுத்தால், இரண்டிலும் சேராத மூன்றாம் வகையிலிருந்தும் கோழிகளுக்குக் கணிசமான பாதுகாப்பு கிடைக்கிறது. எதிர்ப்பொருள் அளவை மட்டும் ஆய்வகத்தில் பார்த்துவிட்டு "பாதுகாப்பில்லை" என்று முடிவு கட்டினால், கூண்டிலிருக்கும் கோழி அதைப் பொய்யாக்கிவிடுகிறது. நோயெதிர்ப்பு என்பது எதிர்ப்பொருளோடு முடிந்துவிடுவதன்று.

இன்னுமொரு நிகழ்வையும் இங்கே பதிய விரும்புகிறேன், ஏனெனில் பிறழ்வு என்றாலே கேடு என்ற எண்ணம் சரியன்று. பன்றிக்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற குடல் அழற்சி வைரஸ் ஒன்று உண்டு. அதன் ஸ்பைக்கில் இருநூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் மொத்தமாக அறுந்துபோன வடிவம் 1984இல் பெல்ஜியத்தில் தென்பட்டது. அறுந்த வைரஸ் குடலை விட்டுவிட்டு நுரையீரலில் இலேசான தொற்றாகத் தங்கியது. அது பரவிய மந்தைகளில் குட்டிகளைக் கொல்லும் பழைய நோய்க்கு எதிரான நோயெதிர்ப்பும் தானே உண்டாகி, ஐரோப்பாவில் அந்நோயே அரிதாகிவிட்டது. யாரும் போடாத தடுப்பூசி அது.

பாரி எழுதியது:

மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. தடுப்பூசி போடப் போடப் புதிய வகைகள் கோழிகளில் பிறக்கின்றன என்றால், தடுப்பூசிதானே பிறழ்வைத் தூண்டுகிறது? மனிதருக்கும் தடுப்பூசி போடாமலே இருந்திருந்தால் ஒமைக்ரான் வந்திருக்காது என்று சிலர் சொல்வது இதனால் உண்மையாகிவிடாதா?

கதிரவன் (நுண்ணுயிரியல்) எழுதியது:

இதற்கு நான் விடை சொல்கிறேன், பாரி. தடுப்பூசி பிறழ்வை உண்டாக்குவதில்லை; படியெடுக்கும் வாய்ப்பு பெருகும்போதுதான் பிறழ்வு பெருகுகிறது. எந்தப் பிறழ்வு தழைக்கும் என்பதில் நோயெதிர்ப்புக்குப் பங்குண்டு, உண்மைதான். ஆனால் அந்த நோயெதிர்ப்பு தடுப்பூசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று வைரஸ் வேறுபாடு பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 229இ என்ற மனிதக் கொரோனா வைரஸ் நமக்குச் சளி மட்டுமே தருவது. அதற்கு எவரும் எந்நாளும் தடுப்பூசி போட்டதில்லை. சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் ஆய்வு மையத்தினர், 1980களில் சேகரித்துப் பாதுகாக்கப்பட்ட இரத்தச் சீரங்களை எடுத்து, 1984இல் பரவிய 229இ வைரஸின் ஸ்பைக்கோடும் பின்வந்த ஆண்டுகளின் ஸ்பைக்குகளோடும் மோதவிட்டுப் பார்த்தார்கள். தம் காலத்து வைரஸை நன்றாக முடக்கிய சீரங்களில் பல, எட்டு முதல் பதினேழு ஆண்டுகள் கழித்துப் பரவிய வைரஸ்களிடம் தோற்றுப்போயின. தடுப்பூசியே இல்லாத உலகிலும் கொரோனா வைரஸ் எதிர்ப்பொருளை விட்டு மெல்ல மெல்ல நழுவிக்கொண்டே போகிறது. ஆகவே நாம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, அந்த முதல் நோயெதிர்ப்பை ஊசியால் பெறுவதா, மூச்சுத் திணறிப் பெறுவதா என்பதை மட்டுமே.

ஒமைக்ரானைப் பற்றியும் கேட்டீர்கள். 2021 நவம்பரில் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கண்டறியப்பட்டபோது, அதன் ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அவ்வளவும் ஒரே திரிபில் எங்கே சேர்ந்தன என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் வலுவாக உள்ளன. எலி போன்ற ஒரு கொறிவிலங்கில் சென்று வளர்ந்து திரும்பியிருக்கலாம் என்பது ஒன்று. 501ஆம் இடத்துப் பிறழ்வு எலியின் ஏற்பியைப் பற்ற உதவுகிறது என்பதை அவர்கள் சுட்டுகிறார்கள். நோயெதிர்ப்பு குன்றிய ஒரு மனிதரின் உடலில் பல மாதங்கள் தங்கி வளர்ந்திருக்கலாம் என்பது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். அத்தகைய நீண்ட தொற்றுகளில் ஒமைக்ரானின் பிறழ்வுகளைப் போன்றவையே திரளுவதைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். பாஸ்டனில் 154 நாள்கள் தொற்றோடு இருந்து இறந்த ஒரு நோயாளியின் உடலில் பிறழ்வுகளில் பெரும்பகுதி ஸ்பைக்கிலேயே குவிந்திருந்தது.

இளவேனில் எழுதியது:

கதிரவன் அண்ணா, நீங்கள் உண்மையைச் சொல்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்தபோது கை நடுங்கியது. பூனையைப் பற்றிக் கேட்கவந்த நான், ஆபத்து என் தம்பியின் உடலில்தான் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டதே. அவனை ஊரார் ஒரு வைரஸ் தொழிற்சாலையைப் போலப் பார்க்கத் தொடங்கினால் அவன் எப்படித் தாங்குவான்?

கதிரவன் (நுண்ணுயிரியல்) எழுதியது:

என்னை மன்னியுங்கள், தங்கையே. கேட்பவர் யார் என்பதை மறந்து எழுதிவிட்டேன்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்றாலும், பெரும்பாலானோர் தொற்றிலிருந்து மீண்டுவிடுகிறார்கள்; சிலருக்கு மட்டும் வைரஸ் முழுமையாக அகலச் சற்றுக் காலம் பிடிக்கிறது. நீண்ட தொற்று உங்கள் தம்பி பிறருக்குச் செய்யும் தீங்கன்று. பிறரிடமிருந்து அவருக்கு வந்த தொற்றை அவர் உடலால் விரைவாக வெளியேற்ற முடியாமற்போவதே அது. அவருக்குச் செய்ய வேண்டியதும் தெளிவானது. அவர் உட்கொள்ளும் மாத்திரைகளில் சில, குறிப்பாக மைக்கோஃபினோலேட், தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கின்றன; ஆகவே கூடுதல் தவணை தேவையா என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

எதிர்ப்பொருளைத் தாண்டிய திரிபையும் தடுக்கும் இரண்டாம் அரண் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள் ஸ்பைக்கின் வெளிப்புற வடிவத்தைப் பார்த்து ஒட்டுகிறது. வடிவம் மாறினால் ஏமாந்துவிடும். நோயெதிர்ப்பின் மற்றொரு படையான டி-செல்கள், தொற்றிய செல்லுக்குள் நறுக்கப்பட்ட வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளை அடையாளம் காண்கின்றன. அத்துண்டுகள் ஸ்பைக் முழுவதிலிருந்தும், மாறாத உட்புரதங்களிலிருந்தும் வருகின்றன. போதாக்குறைக்கு ஒவ்வொரு மனிதரின் டி-செல்லும் வெவ்வேறு துண்டுகளைப் பார்க்கிறது. இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு தப்புவது வைரஸுக்கு மிகக் கடினம். ஒமைக்ரான் வந்தபோது எதிர்ப்பொருள்களின் முடக்கும் திறன் பல மடங்கு சரிந்தது. டி-செல்களின் வினையோ பெரும்பகுதி குலையாமல் இருந்தது. மீண்டும் மீண்டும் தொற்று வந்தும், தடுப்பூசி பெற்றவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை வரை போகாததற்கு இது முக்கியக் காரணம்.

மதிவதனி (ஒன்ராறியோ, கனடா) எழுதியது:

மிங்க்கைப் பற்றிப் பேசினீர்கள். எங்கள் மான்களையும் விட்டுவிடக் கூடாது. வட அமெரிக்கக் காடுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் திரியும் வெண்வால் மான்களில் இந்த வைரஸ் பரவலாகப் புகுந்துவிட்டது. 2021இன் முதல் மூன்று மாதங்களில் ஒஹாயோவில் 360 மான்களைச் சோதித்ததில் 129இல் வைரஸ் இருந்தது. கூண்டில் அடைத்த மிங்க்கை அழித்ததைப் போலக் காட்டு மான்களை யாரால் அழிக்க முடியும்?

எங்கள் மாகாணத்தின் தென்மேற்கில், மான்களில் நெடுநாள் தனித்து வளர்ந்த ஒரு கிளையைக் கண்டறிந்தார்கள். அதில் மூல வைரஸிலிருந்து விலகிய 76 மாற்றங்கள் இருந்தன. மானோடு பழகிய ஒருவரிடமும் ஏறத்தாழ அதே கிளை காணப்பட்டது. அச்செய்தி வந்த நாளில் நானும் பதறினேன். ஆனால் தடுப்பூசி பெற்றவர்களின் சீரத்தோடு அதைச் சோதித்தபோது எதிர்ப்பொருள்கள் அதை நன்றாகவே முடக்கின. 76 மாற்றங்களைச் சுமந்தும் அது நம் நோயெதிர்ப்பைத் தாண்டக் கற்கவில்லை, ஏனெனில் மான்களுக்குள் அதைக் கற்பிப்பார் எவரும் இல்லை. கதிரவன் அவர்கள் முதலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

என் கவலை வேறு. மனிதரிடையே மறைந்துபோன ஆல்ஃபா, காமா போன்ற பழைய திரிபுகள் நியூயார்க் மாநில மான்களில் மாதக்கணக்கில் தொடர்ந்து உலவியது பதிவாகியிருக்கிறது. நாம் மறந்துவிட்ட ஒன்றை மான்கள் நினைவில் வைத்துக்கொண்டிருக்கின்றன. 2022க்குப் பின் பிறந்த குழந்தைகளின் நோயெதிர்ப்பு ஒமைக்ரான் வழித்திரிபுகளைக் கண்டே வளர்ந்தது. பழைய கிளையொன்று பதினைந்து ஆண்டுகள் கழித்து மானிலிருந்து திரும்பினால், அது பிறழ்வே அடையாமலிருந்தாலும் அவர்களுக்குப் புதியதாகத்தான் இருக்கும்.

செல்லமுத்து (கால்நடை மருத்துவர், நாமக்கல்) எழுதியது:

மதிவதனி அம்மா சொன்னது ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி. நம் நாட்டில் மான்களிலும் கால்நடைகளிலும் தொடர்ந்து மாதிரி எடுத்துப் பார்க்கும் பழக்கம் வளர வேண்டும் என்று நான் கூட்டங்களில் பேசி வருகிறேன், இனியும் பேசுவேன்.

இளவேனில், உங்கள் பூனைகளுக்கு வருகிறேன். பூனைகளுக்கு மனிதரிடமிருந்தே பெரும்பாலும் கோவிட் தொற்றுகிறது. பூனையிலிருந்து மனிதருக்குப் போனது மிக அரிது. 2021இல் தாய்லாந்தின் சொங்க்லாவில், தொற்றிய பூனையிடம் மாதிரி எடுத்தபோது அது முகத்துக்கு நேரே தும்மியதால் ஒரு கால்நடை மருத்துவருக்குத் தொற்றியது பதிவாகியுள்ளது. உங்கள் பூனைகள் வீட்டுக்குள்ளேயே இருப்பவை என்றால், தம்பிக்குத் தொற்று வரும் வழிகளில் அவை கடைசி வரிசையில் நிற்கின்றன. பேருந்தும் திருமண மண்டபமும் முதல் வரிசையில் நிற்கின்றன.

பூனைகளுக்கே உரிய வேறொரு கொரோனா வைரஸ் இருப்பதை யாராவது சொல்லி உங்களை மறுபடியும் பயமுறுத்தக் கூடும் என்பதால் முன்கூட்டியே விளக்குகிறேன். அது குடலில் இலேசான கழிச்சலோடு தங்குவது. சில பூனைகளின் உடலுக்குள்ளேயே பிறழ்ந்து, நோயெதிர்ப்பின் காலாட்படையான மேக்ரோஃபேஜ் செல்களிலேயே பெருகத் தொடங்கினால், வயிற்றில் நீர் கோக்கும் கொடிய நோயாகிறது. 1990 வாக்கில் அதன் ஸ்பைக்கைக் கொண்ட சோதனைத் தடுப்பூசி பெற்ற பூனைக்குட்டிகள், பெறாதவற்றைவிட விரைவாக இறந்தன. எதிர்ப்பொருளே வைரஸை அந்தச் செல்களுக்குள் இட்டுச் சென்றது. கோவிட் தடுப்பூசிகளை உருவாக்கியபோது அறிஞர்கள் இந்தப் பூனைப் பாடத்தை நினைவில் வைத்தே எச்சரிக்கையோடு தேடினார்கள். மனிதரிடம் அப்படிப்பட்ட விளைவு வெளிப்படவில்லை. 2023இல் சைப்ரஸில் நாய்க் கொரோனா வைரஸின் ஸ்பைக்கைப் பெற்றுக்கொண்ட பூனை வைரஸ் பரவி ஏராளமான பூனைகளைக் கொன்றது. அதுவும் மனிதருக்கு வருவதன்று.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி என்றால் அவர் தம்பியிடமிருந்தும் பூனைகளிடமிருந்தும் விலகியிருக்கட்டும். பூனைகள் கழிவிடும் மணல்தட்டைத் தம்பி சுத்தம் செய்ய வேண்டாம். கொரோனாவுக்காக அன்று, நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஆகாத டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்காக.

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவின் பதிவை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சொங்க்லா மருத்துவரின் முகத்தில் பூனை தும்மிய இடத்தில் அம்மா இரண்டு வாரங்களுக்குப் பின் முதன்முறையாகச் சிரித்தார். வரும் வியாழக்கிழமை தம்பியின் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். கூடுதல் தவணையைப் பற்றியும், காய்ச்சல் வந்தால் எத்தனை நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பதைப் பற்றியும் கேட்பதற்குக் குறித்து வைத்திருக்கிறேன். வீட்டில் மற்ற மூவரும் விடுபட்ட தடுப்பூசித் தவணையைப் பற்றியும் அன்றே கேட்டுக்கொள்கிறோம். மணல்தட்டு இன்று முதல் என் பொறுப்பு. பூனைகள் இங்கேயே இருக்கும்.